கண்ணை மூடிக்கொண்டு பார்த்த அத்தியாயம்

'விளக்குக் கப்பல்' பார்க்காதவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது என்று சொல்ல மாட்டேன். பேசுவேன். மனசுக்குள் ஒரு மார்க் குறைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். பார்த்துவிட்டு "பரவாயில்ல, ஓடுது" என்கிறவர்களோடுதான் எனக்கு ஆகாது. பரவாயில்லை என்பதற்கு அது என்ன ஆறிப்போன டீயா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டான பாதைகள் இருக்கின்றன. போகிற வருகிற கப்பல்கள் வழி தவறாமல் இருக்க அங்கங்கே பெரிய விளக்குகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு விளக்கு அணைந்துபோனால், போய் ஏற்றிவிட்டு வருவதற்கு ஒரு பழைய கப்பலும் அதில் சில ஆட்களும். கதை அவ்வளவுதான். ராஜா இல்லை, போர்ப்படை இல்லை, உலகத்தைக் காப்பாற்றுகிற வீரன் இல்லை. எல்லாரும் ரிப்பேர் பார்க்கிறவர்கள். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என் தலை நரைக்கிற காலம் வரைக்கும் ஓட்டிவிட்டார்கள். முதல் தொடர், இரண்டாம் தொடர், யாரும் கேட்காத மூன்றாம் தொடர், நடுவே சினிமாக்கள், குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன். இப்போது புதிதாக ஒன்று.

முதல் தொடரில் கப்பல் அட்டையால் செய்தது என்பது கண் தெரியாதவனுக்கும் தெரியும். கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும். வேற்றுக் கிரகம் என்று வாராவாரம் ஒரே கல்குவாரியைக் காட்டுவார்கள். கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு கிரகம், அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு கிரகம். ஆனால் நடித்தவர்கள் அந்தக் கல்குவாரியை மனசார நம்பினார்கள். அதனால் நாங்களும் நம்பினோம். மூன்றாம் தொடரில் காசை வாரி இறைத்து எல்லாவற்றையும் பளபள என்று ஆக்கினார்கள், நம்புவதற்குத்தான் ஒரு ஆள் இல்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விடுங்கள்.

என் தொடர் இரண்டாம் தொடர். அதில்தான் என் கேப்டன் வந்தாள். நடுவயசுக்காரி, மூட்டுவலிக்காரி, மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். வேலை செய்யாத எந்திரத்தை முதலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் என்ன கோளாறு என்று பார்ப்பாள். டிவியில் அப்படி ஒரு பெண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் கப்பலின் சமையல்காரருக்கும் ஓயாத சண்டை. சூப்பில் உப்பு இல்லை என்று அவள் ஆரம்பித்தால், கப்பலில் வழி தெரியவில்லை என்று அவர் முடிப்பார். எலியும் பூனையும் தோற்றுப்போகும்.

எனக்கும் அண்ணனுக்கும் அந்தச் சண்டை பிடித்துப்போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் தினமும் நடந்தது. எந்த விளக்கு முதலில் அணைந்தது, சுக்கான் பிடிக்கிறவன் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தான், எதற்கெடுத்தாலும் குடுமிப்பிடி. கல்யாணமாகி, ஆளுக்கொரு வீடாகி, எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை, அவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை என்றான பிறகும் அது நிற்கவில்லை. தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தொடரில் கப்பல் வழி தவறினால் சுக்கான்காரன் எழுந்து நின்று, "திசை தவறிவிட்டேன், கேப்டன்" என்பான். அதற்குக் கேப்டன், "தவறினால் என்ன, விளக்கு எரிகிறது. கப்பலைத் திருப்பு" என்பாள். அந்தக் கப்பலில் எல்லாருக்கும் புத்தகத் தமிழ்தான். எங்களில் தோற்றவரும் எழுந்து டிவிக்கு முன்னால் நின்று முதல் வரியைச் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இரண்டாவதைச் சொல்வார்.

பெரும்பாலும் எழுந்து நின்றவன் அண்ணன்தான். நான் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. "உனக்கு நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்" என்பாள் அண்ணி. மூன்று கால் முயலாகப் பார்த்துப் பிடித்திருந்தால் நான் என்ன செய்வது?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. இரண்டாம் தொடரின் கடைசி அத்தியாயம். அதில் எல்லா விளக்குகளுக்கும் தாய்விளக்கு ஒன்று அணைந்துவிடும். அதைக் கையால்தான் ஏற்ற வேண்டும், ஏற்றுகிறவர் திரும்பி வர முடியாது, வெளிச்சம் வந்ததும் படிக்கட்டு கருகிவிடும். கேப்டன் எல்லாரையும் மிரட்டிப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு அந்தப் படிக்கட்டை நோக்கி நடப்பாள். அதற்குமேல் நடப்பதை நான் பார்த்ததில்லை. முதல் தடவை ஒளிபரப்பானபோது சோபாவில் இருந்த குஷனை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அவள் சாகவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சின்னப்பிள்ளைப் புத்தி என்பீர்கள். இருக்கட்டும், அந்தப் புத்தி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மறுஒளிபரப்பு வரும்போதெல்லாம் அதே குஷன்தான், உறை மட்டும் மாறியிருக்கும்.

ஆனால் காதை மூடியதில்லை. அதனால் ஒவ்வொரு சத்தமும் எனக்கு மனப்பாடம். படகு கிளம்பும். பிறகு படியில் காலடிச் சத்தம். மூட்டுவலிக்காரி இல்லையா, நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஏறுவாள். டொக், டொக் என்று இரண்டு தரம் ஏதோ பூட்டு திறக்கும். பிறகு இசை. இசை முடிந்த பிறகுதான் குஷனை எடுப்பேன். ரசிகர் கூட்டங்களில் யாராவது அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை என்று அண்ணன் முதல் தடவை பார்த்த அன்றைக்கே சத்தியம் செய்துகொடுத்தான். வாயாடிப் பயல் அந்தச் சத்தியத்தை மட்டும் மீறவே இல்லை.

வாயாடி என்று சும்மா சொல்லவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு வாய்தான் பிரேக், வாய்தான் ஸ்டியரிங். நாள் முழுக்கப் பேசுவான், திட்டுவான், ஜோக் அடிப்பான். பயந்து நடுங்கி வந்து ஏறுகிறவர்கள் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். அப்படிப்பட்டவன் ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே மௌனமாகிவிட்டான். ஓட்டிக்கொண்டிருந்த பெண், பரவாயில்லையே, இன்றைக்குத்தான் திட்டு வாங்காமல் ஓட்டுகிறோம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவன் தன் பக்கத்து பிரேக்கை மெதுவாக அழுத்தி வண்டியை ஓரமாக நிறுத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதம்.

உயிர் தப்பியது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வலது கையும் பிடிக்க ஆரம்பித்தது. பேச்சு மட்டும் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது உள்ளே முழுசாக இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆரம்பத்தில் "அது, அது" என்று எதையாவது சொல்லப் பார்த்தான். வார்த்தை தப்பாக வரும். கண்ணாடி கேட்க நினைத்தால் செருப்பு என்று வரும். தப்பாக வந்தது அவனுக்கே தெரியும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது. பிறகு அந்த "அது"வையும் விட்டுவிட்டான். கையைக் காட்டுவான், இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

பயிற்சி கொடுக்க வருகிற ஸ்பீச் தெரபிஸ்ட், பொறுமைசாலியான பெண், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்குப் பயம் அவனுடைய நோயைப் பற்றி இல்லையாம். "முயற்சி பண்றவங்களுக்குத்தான் பேச்சு திரும்பும். இவர் முயற்சியையே விட்டுட்டார். இப்போ விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றாள். அவன் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிற விஷயம் ஏதாவது இருந்தால் அதைப் பேசுங்கள், அவன் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள், காத்திருங்கள் என்றாள். பாட்டு, பழகிப்போன வரிகள் மாதிரியானவை சில பேருக்குச் சட்டென்று வந்துவிடும், அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடவும் கூடாது என்றாள்.

காத்திருப்பது அண்ணிக்கு வராத ஒன்று. அண்ணி மழலையர் பள்ளி டீச்சர். பாவம், அவளுக்குத் தெரிந்த வழியில் அவள் முயன்றாள். டம்ளரைத் தூக்கிக் காட்டி, "சொல்லுங்க பாப்போம், தண்... தண்..." என்பாள். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். உடனே அவளே, "தண்ணி! சரி, இந்தாங்க" என்று கொடுத்துவிடுவாள். அவனுடைய கண்ணசைவுக்குக்கூட அவளே வாக்கியம் அமைத்தாள். வேலை, வீடு, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் அவளே தூக்கிச் சுமந்தாள். நான் சில நாள் வந்து தங்குகிறேன் என்றால், "எதுக்கு? நான் பாத்துக்கிறேன்" என்பாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.

அவன் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிற விஷயம் என்ன என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? 'விளக்குக் கப்ப'லைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் அவனால் சும்மா இருக்க முடியாது. முன்பு ஒருதரம் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டரைத் திருத்தியிருக்கிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எனக்கு ஒரே குஷி. வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

கடை முடிந்ததும் தினமும் போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் தொடர்தான் இருப்பதிலேயே சிறந்தது என்று ஆரம்பித்தேன். சொல்லும்போது நாக்கு கூசியது. அவன் ஒரு புருவத்தைத் தூக்கினான். மறுநாள், கப்பலின் முகப்பு விளக்கு பச்சை நிறம் என்றேன். நீலம் என்று தெருவில் போகிற பூனைக்கும் தெரியும். அவன் கொட்டாவி விட்டான். சுக்கான்காரனும் சமையல்காரரும் கூடப்பிறந்தவர்கள் என்றேன். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான். கரடியாகக் கத்தியும் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் விஷயம். பேச்சுதான் போயிற்றே தவிர, மூளை அப்படியே இருக்கிறது. நான் பொய் சொன்னால் என் மூக்கு விடைக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவன். நான் ஒன்றும் தெரியாமல் தப்பாகச் சொல்லவில்லை, அவனைப் பேசவைக்க நாடகமாடுகிறேன் என்பது அவனுக்கு முதல் நாளே புரிந்திருக்கும். அண்ணி காட்டிய டம்ளருக்கும் நான் சொன்ன பச்சை விளக்குக்கும் அவனைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஒருநாள் நான் கிளம்பும்போது இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தான், போதும், விட்டுவிடு என்கிற மாதிரி. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்த நாடகத்தை விட்டுவிட்டேன்.

புதிய தொடரின் முதல் அத்தியாயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு வருகிறது. இதைப் பார்க்காமல் இருக்க எங்களால் முடியாது என்பதால் போயிருந்தேன். அண்ணன் தன் நாற்காலியில் இருந்தான், நான் சோபாவில். அண்ணி எங்களுக்குப் பின்னால் மேஜைமேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தத் தொடரைக் கண்டாலே ஆகாது. மின்மினி பிடிக்கப் போகிற கப்பல் என்பாள்.

புதிய தொடர் மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். சுவர் ஆடவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான், ஆனால் ஆட்களின் முகத்தில் நம்பிக்கை இருந்தது. புதிய கேப்டன் ஒரு சின்னப் பெண். விளக்கடியில் மாட்டிக்கொண்டதும் கப்பலில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் ஒரு கேப்டனா, கூப்பாடு போடுகிறாள் என்று சத்தமாகவே முணுமுணுத்தேன்.

என்றைக்கும் இல்லாமல் அண்ணி கேட்டாள். "உன்னோட பழைய கேப்டனுக்கு என்னதான் ஆச்சு? நீ சொன்னதே இல்லையே."

திரும்பிப் பார்த்தேன். ஒரு சட்டையை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள் நான், அதுவரை அந்தக் கண்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. அதனால்தான் நான் யாரிடமும் பேசாத அந்த அத்தியாயத்தை அவளிடம் சொன்னேன். தாய்விளக்கு, படகு, படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தனியாவே ஏறிப் போனா அண்ணி. யாரையும் கூப்பிடல. கடைசிவரைக்கும் ஒத்தையா நின்னு ஏத்திட்டுச் செத்தா. அதுதான் கேப்டன். அவள நினைச்சா உங்க ஞாபகம்தான் வருது."

"இல்ல."

டிவியில் யாரோ சொன்னார்கள் என்று நினைத்தேன். பிறகு அண்ணனைப் பார்த்தேன். அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

நான் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? அழுதிருக்க வேண்டும், கும்பிட்டிருக்க வேண்டும், தெரபிஸ்டுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என் கேப்டனைப் பற்றி என்னிடமே ஒருத்தன் இல்லை என்கிறான்.

"என்ன இல்ல?"

"தனியா... இல்ல."

"தனியாத்தான் போனா. எனக்கா சொல்ற?"

"தப்பு."

அந்தச் சொல் எப்படி வந்தது என்கிறீர்கள்! பழைய டிரைவிங் ஸ்கூல் குரலில், இடது பக்கம் திரும்பச் சொன்னால் வலது பக்கம் திரும்புகிறவர்களைப் பார்த்துச் சொல்கிற குரலில். அண்ணியின் கையிலிருந்த சட்டை தரையில் விழுந்தது. அவன் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு. ரெண்டு... பேரு."

அண்ணி வாயெடுத்தாள். "ரெண்டு பேருன்னா, அந்தக் கேப்டனும் இன்னொரு..."

"அண்ணி, நீங்க நடுவுல வராதீங்க" என்றேன். தெரபிஸ்ட் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து சொன்னேன் என்று நினைக்காதீர்கள். இது எனக்கும் அவனுக்குமான சண்டை, மூன்றாவது ஆள் அவனுக்கு எடுத்துக்கொடுப்பது நியாயமில்லை என்றுதான் சொன்னேன். "யாரு அந்த ரெண்டாவது ஆளு? அவனே சொல்லட்டும்."

அவன் ஆரம்பித்தான். "ச... சம... ச..." வரவில்லை. நெற்றியில் வியர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் விட்டுவிடுவான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியின் கையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

"கரண்டி!"

"கரண்டியா? கரண்டி எங்கே வந்துச்சு?"

"கரண்டி... ஆளு."

"சமையல்காரரா? அவர்தான் படகுல ஏறிட்டாரே. படகு கிளம்புற சத்தம், அவ படி ஏறுற சத்தம், எல்லாத்தையும் கேட்டேனே நான்."

"கேட்ட" என்றான். மூச்சு வாங்கினான். அடுத்த சொல்லைத் தேடி எங்கேயோ போய்விட்டு வந்தான். "பாக்கல. நீ... கண்ண மூடிட்ட."

அவன் பேசிவிட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் அண்ணன் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. அவன் டிவியைக் காட்டினான். நிரூபித்தே தீர வேண்டும் அவனுக்கு.

அந்தப் பழைய அத்தியாயத்தைத் தேடிப் போட்டேன். படகு கிளம்பியது. பழக்கதோஷம், கை தானாகக் குஷனை எடுத்தது. அண்ணன் இடது கையால் அதைப் பிடுங்கித் தூரப் போட்டான். படியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் பார்த்தேன்.

என் கேப்டன் ஏறிக்கொண்டிருந்தாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு, கோபமாக, யாரையோ திட்டுகிற முகத்தோடு. நடுவில் நிற்கவே இல்லை. நேராக மேலே போய், விளக்கின் கைப்பிடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காலடிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. இத்தனை வருஷமாக அவள் இளைப்பாறிவிட்டு ஏறுகிறாள் என்று நான் நினைத்த அந்தச் சத்தம் அவளுடையதே இல்லை. திரையின் ஓரத்தில் சமையல்காரர் வந்தார், படகு கிளம்பும் முன்பே யாருக்கும் தெரியாமல் இறங்கியிருக்கிறார். சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் இரண்டு கப். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். அவர் உட்கார்ந்தார். கப்பைக் கல்லின்மேல் வைத்தார். டொக். இன்னொரு கப்பை வைத்தார். டொக்.

பூட்டு எதுவும் இல்லை அங்கே. இரண்டு கப் மட்டும்தான்.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் தன் கையை அவள் கைமேல் வைத்தார். வெளிச்சம் வந்தது, இசை வந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் சாகக் கூடாது என்று கண்ணை மூடி மூடி, அவளை ஒற்றையாகச் சாகவிட்டது நான்தான் என்று தோன்றியது. அவளுக்குத் துணை இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அண்ணனுக்கு எப்போதும் தெரியும். ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு நல்ல சேதியை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான் மடையன்.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வழக்கம் என்றால் வழக்கம். எழுந்து டிவிக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றேன்.

"திசை தவறிவிட்டேன், கேப்டன்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிரமப்பட்டு, வலது காலைக் கையால் தூக்கி இடது காலின்மேல் போட்டுக்கொண்டான். பிறகு திக்காமல், திணறாமல், ஒரே மூச்சில் சொன்னான்.

"தவறினால் என்ன, விளக்கு எரிகிறது. கப்பலைத் திருப்பு."

முழு வரி. அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. அது பழகிப்போன வரி, அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாளைக்கே கண்ணாடி கேட்டால் மறுபடி செருப்பு என்றுதான் வரும். வரட்டும். தப்பு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மிச்சமும் வரும்.

அண்ணி இன்னும் மேஜை பக்கமே நின்றாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். பழகிப்போன வரி எதுவும் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தான். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனுக்காக ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடாமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கைவிரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டு அப்படியே காத்திருந்தாள்.

"நீ" என்றான் அவன். வெகுநேரம் கழித்து, "உக்காரு."

அவனுக்குப் பக்கத்தில் இருந்த மடக்கு நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று தெரிந்தது போல முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இந்தத் தடவை நான் வந்து தங்குவதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வருகிறேன் என்று சொன்னேன். அவள் எதுக்கு என்று கேட்கவில்லை.

பிறகு கண்ணைத் திறந்து டிவியைப் பார்த்தாள். திரையில் அந்த இரண்டு கப்பும் அப்படியே நின்றிருந்தன.

"ஆமா, அந்தச் சமையல்காரர் எப்பவும் அவகூடச் சண்டை போடுறவர்தானே? அவர் எதுக்குத் திரும்பி வந்தாரு?" என்று கேட்டாள்.

நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் மூடிக்கொண்டேன்.